நீடாமங்கலம் கேட்

அறுபத்து நாலில் ஒன்று என்று கணக்கு.
கதவு, கண்ணாடி, சக்கரம், ஸ்டியரிங்
எல்லாவற்றையும் அறுபத்து நாலால் வகுத்தவர்கள்
விலையை மட்டும்
வகுக்க மறந்துவிட்டார்கள்.

மன்னார்குடி பந்தலடியில்
ஷாஜகான் பேன்சி ஸ்டோரின் மேல்தட்டில்
தூசியோடு தொங்கியபோது
நூற்றிருபதுக்கு வாங்கியிருக்கிறேன்.
போன தீபாவளிக்கு இருநூற்று எண்பது.
"டாலர் சார்" என்றார்.
பொங்கலுக்கு முந்நூற்று அறுபது.
"கப்பல் சார்."
அதற்கடுத்த முறை ஒன்றும் சொல்லவில்லை,
கால்குலேட்டரை என் பக்கம் திருப்பி வைத்தார்.
கோமளம் கேட்டால் இன்றும் எல்லாம் நூறு ரூபாய்தான்.

கூட்டுறவுச் சங்கத்தில்
நகைக்கடனுக்கு எடை போடுவது என் வேலை.
ஒரு சாயங்காலம் ஆள் ஓய்ந்தபின்
பழைய லாரியையும் புது லாரியையும்
அதே தட்டில் வைத்துப் பார்த்தேன்.
நாற்பத்தொன்று புள்ளி இரண்டு.
இருபத்தொன்பது புள்ளி எட்டு.
அடித்தகடு பிளாஸ்டிக் ஆகியிருக்கிறது.
திறக்கும் கதவு இருந்த இடத்தில்
கதவு மாதிரி ஒரு கோடு.
கல் கழித்து அரக்கு கழித்து
எழுதிப் பழகிய கை
இதில் எதைக் கழிப்பதென்று நின்றது.

நாங்கள் நான்கு பேர்.
கொரடாச்சேரி அந்தோணிசாமி, மருந்துக் கம்பெனிப் பையோடு.
வலங்கைமான் திருவேங்கடம், பட்டாசுக் கடை,
கையில் எப்போதும் மருந்து வாசம்.
கூத்தாநல்லூர் நஜிமுதீன்,
மச்சான் சிங்கப்பூரில் இருப்பதால்
அவன் சொல்வதே சந்தை நிலவரம்.
நீடாமங்கலம் கேட் சாத்தும்போதுதான் கூடுவோம்.
மன்னார்குடி வண்டிக்கு எஞ்சின்
முன்னும் பின்னும் மாறி முடிவதற்குள்
இரண்டு டீ, ஒரு கைமாற்று, ஒரு சண்டை.

அன்றைக்குச் சண்டை இல்லை. கடிதம் வந்திருந்தது.
நாலாயிரத்து எண்ணூறு முன்பணம் கட்டிய
அறுவடை வரிசையில்
ஆறாவது வண்டி வராது.
கம்பெனியை வங்கி எடுத்துக்கொண்டதாம்.
மதிப்பிற்குரிய சேகரிப்பாளரே,
தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது,
வரிசையில் தங்கள் எண்
பதினோராயிரத்து முந்நூற்று ஆறு.
அந்த நடை எனக்குத் தெரியும்.
பயிர்க் காப்பீடு என்னாச்சு என்று
கவுண்டரில் முழங்கை ஊன்றுகிறவர்களுக்கு
நான் சொல்லும் நடை அது.
இத்தனை சாந்தமாக அதை
யாரும் எனக்குச் சொன்னதில்லை.

"இனிமே ஒத்தப் பொம்மை வாங்கினா
என்னைச் செருப்பால அடிங்க"
என்றான் நஜிமுதீன்.
டீயை முடித்துவிட்டுக் கேட்டான்:
"அஞ்சாவது வந்துடுச்சுல்ல?
பச்சையா, ஆரஞ்சா?"

பச்சை. கூரியர்காரர் காலையில் தந்தது,
சீல் உடையாமல் என் மடியில் இருந்தது,
கையளவு அறுப்பு மிஷின்.

அப்போதுதான் பக்கத்தில் வந்து நின்றது
அசல்.
குறுவை வைக்கோல் பல்லெல்லாம் சிக்கி,
பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு.
இறங்கிய டிரைவர் ஆத்தூர்க்காரர்,
காதில் பீடி.
"என் வண்டிதானே இது?
எவ்வளவு?"
வீட்டில் சொல்லும் விலை நாக்கு வரை வந்தது.
ஏனோ உண்மையைச் சொன்னேன்.
"ரெண்டாயிரத்து நூறு."
"அட, என் ஒரு மணி நேர வாடகை!"
சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை.
"அதுவும் போன வருசத்துக்கு இது ஏத்தம்.
டீசல்காரன் ஏத்துறான், நான் ஏத்துறேன்,
வயக்காரர் என்னை ஏசுறார்.
பேரிங் போயி பத்து நாளு,
டீலர் ஷட்டரை இறக்கிட்டான்.
கம்பெனி கைமாறிடுச்சாம்."

கொஞ்சம் குனிந்து
பிளாஸ்டிக் ஜன்னல் வழியே பார்த்தார்.
"முன்னாடி ரீலு சுத்துமா?"

பிரித்தால் பாதி விலை.
சேகரிப்பவன் கற்கும் முதல் பாடம் அது,
திருவேங்கடம் என் மணிக்கட்டைப் பிடித்தேவிட்டான்.
கிழித்தேன்.
விரலால் தள்ளினேன்.
நகரவில்லை. பசை போட்டு ஒட்டியிருந்தார்கள்.

"என்னோடதும் சுத்தல" என்றார்
காதுப் பீடியை எடுத்தபடி.

கேட் தூக்கியது.
பின்னால் அத்தனை ஹாரன்.
அவர் ஏறிப் போனார்,
அசல் ஆடி ஆடித் தண்டவாளம் தாண்டியது.
நான் ஆயிரத்து ஐம்பது ரூபாயை
கையில் வைத்துக்கொண்டு
வண்டிச் சாவியைத் தேடினேன்.